மீயொலி உள்வாயில்களில் கொந்தளிப்பு மாதிரிகள்: ஒரு மதிப்பீடு

மீயொலி வானூர்தியின் உள்வாயில் என்பது, வேகமாக வரும் காற்றை எஞ்சினின் அமுக்கிக்கு ஏற்றவாறு ஒலியின் வேகத்திற்குக் கீழே கொண்டுவரும் பகுதியாகும். இவ்வேகக்குறைப்பு அதிர்ச்சி அலைகளால் நிகழ்கிறது. சுவரை ஒட்டிய எல்லைப்படலம் அவ்வலைகளின் அழுத்த உயர்வைத் தாங்க இயலாவிட்டால் சுவரிலிருந்து பிரிகிறது. பிரிவு மிகுந்தால் அதிர்ச்சி அலை உள்வாயிலுக்கு வெளியே தள்ளப்படலாம். எஸ்ஆர்-71 விமானத்தில் அலை இவ்வாறு வெளியேறியபோது ஒருபக்க உந்துவிசை திடீரென வீழ்ந்து, விமானம் பக்கவாட்டில் கடுமையாகத் திரும்பியது. ஆகவே பிரிவைச் சரியாகக் கணிப்பதே ஒரு கொந்தளிப்பு மாதிரிக்கு இங்குள்ள முதன்மையான சோதனை.

நடைமுறையில் பயன்படும் பெரும்பாலான மாதிரிகள் 1877இல் பூசினெஸ்க் முன்வைத்த கருதுகோளைச் சார்ந்தவை. இதன்படி கொந்தளிப்புத் தகைவு, சராசரி ஓட்டத்தின் திரிபு வீதத்தை உடனுக்குடன் பின்பற்றுகிறது. அமைதியான எல்லைப்படலங்களுக்கு இது பொருந்தும். அதிர்ச்சி அலையைக் கடக்கும்போது திரிபு நொடியில் மாறுகிறது, கொந்தளிப்போ பின்தங்குகிறது. இதனால் கே-எப்சிலான் மாதிரி பிரிவைப் பொதுவாகக் குறைத்துக் காட்டுகிறது. 1994இல் மென்டர் வெளியிட்ட எஸ்எஸ்டி மாதிரி தகைவுக்கு வரம்பு விதித்து இக்குறையைக் களைய முயன்றது. ஆனால் அது பல நேரங்களில் பிரிவை மிகைப்படுத்துகிறது.

கான்கார்டு விமானத்தில் உள்ளதைப் போன்ற செவ்வக உள்வாயில்களில் மற்றொரு சிக்கல் உண்டு. மூலைகளில் தோன்றும் சிறு சுழல்களுக்குக் காரணம் செங்குத்துத் தகைவுகளிடையே உள்ள வேறுபாடு. நேரியல் மாதிரிகளில் அவ்வேறுபாட்டுக்கு இடமில்லாததால் சுழல்களும் தோன்றுவதில்லை. விளைவாக மூலைப்பிரிவின் அளவு பிழையாகிறது. அது நடுப்பகுதியின் ஓட்டத்தையும் மாற்றிவிடுகிறது. 2000இல் ஸ்பலார்ட் முன்மொழிந்த இருபடித் திருத்தம், சிறிதளவே கூடுதல் கணக்கீட்டில் இக்குறையைத் தணிக்கிறது.

பெருஞ்சுழிப்பு உருவகப்படுத்தல் அதிர்ச்சி அலையின் மெதுவான அலைவையும் காட்டவல்லது. ஆயினும் முழு உள்வாயிலுக்கு அதன் கணக்கீட்டுச் செலவு மிக அதிகம். எனவே எளிய மாதிரிகளின் பயன்பாடு தொடர்கிறது. அதில் தவறில்லை, அவற்றின் முடிவுகளை மதிப்பிடும் முறையே கேள்விக்குரியது. நடுக்கோட்டுச் சுவர் அழுத்தம் சோதனையுடன் ஒத்துப்போவது மட்டும் போதிய சான்றாகாது. இரு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்தாலும் அதே ஒப்புமை கிடைக்கும். மூலைகளின் ஓட்டமும் அமுக்கியின் முகப்பில் உள்ள அழுத்தப் பரவலும் ஒப்பிடப்பட்ட பின்னரே ஒரு மாதிரியை நம்பத்தக்கது எனலாம்.