ஒரு பாடலின் நிழலில் ஓர் இசைத்தொகுப்பு: கார்னர்ஷாப் குழுவின் ‘வென் ஐ வாஸ் பார்ன் ஃபார் த செவன்த் டைம்’

முன்னுரை

புலம்பெயர்ந்த இந்தியச் சமூகங்களின் கலை வெளிப்பாடுகளை ஆராய்வோர், புதினத்திற்கும் திரைப்படத்திற்கும் வழங்கும் இடத்தை வெகுமக்கள் இசைக்கு வழங்குவதில்லை. அரிதாக வழங்கும்போதும் ‘கலப்பிசை’ என்னும் ஒற்றைச் சொல்லோடு ஆய்வு நின்றுவிடுகிறது. எது எதனோடு கலந்தது, எந்நோக்கத்தோடு கலந்தது, கலந்தபின் எது மாறியது என்னும் வினாக்கள் எழுவதில்லை. இங்கிலாந்தின் கார்னர்ஷாப் குழு 1997 செப்டம்பரில் வெளியிட்ட மேற்குறித்த தொகுப்பு, இவ்வினாக்களை எழுப்புவதற்குத் தக்க சான்றாகும். அதன் தகுதியையும், அது உரிய மதிப்பைப் பெறாமைக்கான காரணத்தையும் இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

பெயரும் பின்னணியும்

இக்குழு 1991-இல் லெஸ்டர் நகரில் உருவானது. இதன் பாடலாசிரியரும் பாடகருமான திஜிந்தர் சிங், பஞ்சாபியக் குடும்பத்தில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். பென் அயர்ஸ் தொடக்கம் முதல் அவருடன் இணைந்திருப்பவர். தெருமுனை மளிகைக் கடையை நடத்துபவர் என்றாலே தெற்காசியர்தாம் என்னும் பிரித்தானியப் பொதுப்புத்தியின் ஏளனத்தைக் குழு தன் பெயராகவே ஏற்றுக்கொண்டது. தொடக்கக் காலத்தில் அதன் எதிர்ப்பு நேரடியானது. பாடகர் மொரிஸ்ஸி தேசியவாத அடையாளங்களைக் கையாண்ட முறையைக் கண்டித்து, 1992-இல் அவருடைய படத்தைப் பொதுவெளியில் எரித்தது. 1994-இல் வெளிவந்த முதல் தொகுப்பிலும் கிதாரின் இரைச்சலே மேலோங்கி நின்றது. 1997-ஆம் ஆண்டுத் தொகுப்பிலோ சினத்தின் இடத்தை நிதானம் பெறுகிறது. எதிர்ப்பு மறையவில்லை, அது வடிவத்திற்குள் இறங்கிவிட்டது.

ஒரு பாடலின் நிழல்

வெளிவந்த ஆண்டில் இத்தொகுப்பு கவனிக்கப்படவே இல்லை என்று கூற இயலாது. அமெரிக்காவின் ‘ஸ்பின்’ இதழ் அதனை அவ்வாண்டின் சிறந்த தொகுப்பாகத் தேர்ந்தெடுத்தது. பின்னர் நிகழ்ந்ததே அதன் மதிப்பைச் சுருக்கிற்று. தொகுப்பின் இரண்டாம் பாடலான ‘பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா’ 1997-இல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 60-ஆம் இடத்தையே எட்டியது. நார்மன் குக் அதனை வேகப்படுத்தி, முழவொலியை மிகுவித்துச் செய்த மறுகலவை 1998 பிப்ரவரியில் முதலிடம் பெற்றது. அன்றுமுதல் குழு ‘ஒரு பாடற் குழு’ ஆயிற்று. எஞ்சிய 14 பதிவுகள் மறக்கப்பட்டன.

அப்பாடலுக்கும் இவ்வெற்றியால் இழப்பு நேர்ந்தது. அது ஆஷா போஸ்லேயைப் போற்றுவது. லதா மங்கேஷ்கர், முகம்மது ரஃபி ஆகியோரையும் நினைவுகூர்வது. அரசின் அறிவிப்புகளையும் அணைக்கட்டுகளையும் ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, எளிய மக்கள் தலைசாய்க்கும் இடமாகத் திரையிசையைக் காட்டுவது. சில சுரக்கூட்டுகளே மீளமீள வரும் மூல வடிவின் மெதுவான நடை, பழைய இசைத்தட்டு சுழல்வதைப் போன்ற அமைதியைத் தருகிறது. மறுகலவையில் அது கொண்டாட்டமாகிறது. புகழ்ப்பாடலின் உட்பொருளாகிய ஏக்கம் கரைந்துவிடுகிறது.

கலப்பின் இயல்பு

மாற்று ராக், ஹிப்-ஹாப், அமெரிக்கக் கன்ட்ரி இசை, சித்தார், தோலக், தம்புரா ஆகியன இத்தொகுப்பில் அருகருகே நிற்கின்றன. ‘கேண்டிமேன்’ பதிவில் ஜஸ்டின் வார்ஃபீல்டின் ராப் ஒலிக்கிறது. சாலைப் பயணத்தையும் வீடு திரும்புதலையும் பாடும் கன்ட்ரிப் பாடலில் பாலா ஃபிரேசர் இணைகிறார். 1962-63-இல் இந்தியாவில் சுற்றித் திரிந்த அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் தம் கவிதையை வாசிக்கும் பதிவும் இதில் உண்டு. தொகுப்பு வெளிவருமுன் அவ்வாண்டு ஏப்ரலில் அவர் மறைந்தார்.

இவை கதம்பமாகச் சிதறாமைக்குக் காரணம், இந்திய இசைக்கருவிகள் இங்கு அணிகலன்களாக அல்லாமல் அடித்தளமாக அமைந்தமையே. தம்புராவின் தொடர் சுருதியும், மாறாது சுழலும் தாளமும் ஒரே பணியைச் செய்கின்றன. இரண்டுமே திரும்ப வருதலால் பொருள் கொள்பவை. இவ்வொற்றுமையைக் கண்டுணர்ந்தது திஜிந்தர் சிங்கின் தனித்திறன். தொல்காப்பியர் செய்யுளின் வனப்புகளுள் ஒன்றாக ‘விருந்து’ என்பதை வைத்தார். புதுமை யாப்பின்மேல் நிகழ வேண்டும் என்பது அதன் உட்கிடை. அவ்வளவையைக் கொண்டு நோக்கின், இத்தொகுப்பின் புதுமை ஒப்பனையில் இல்லை, கட்டமைப்பில் உள்ளது எனலாம்.

இறுதிப் பாடல்: திசை மாற்றம்

தொகுப்பின் உச்சம் அதன் இறுதிப் பாடலே. பீட்டில்ஸ் குழு 1965-இல் பதிவுசெய்த ‘நார்வீஜியன் வுட்’ பாடலில் ஜார்ஜ் ஹாரிசன் சித்தாரை வாசித்தார். ஆங்கில வெகுமக்கள் இசையில் அக்கருவி பெற்ற வரலாற்றில் அது ஒரு திருப்புமுனை. ஆயினும் அங்குச் சித்தார், ஆங்கிலப் பாடலுக்குள் வந்த விருந்தினரே. 32 ஆண்டுகளுக்குப் பின் கார்னர்ஷாப் அதே பாடலைப் பஞ்சாபியில் பாடியபோது நிலை தலைகீழாயிற்று. சித்தார் தன் வீட்டில் இருக்கிறது. ஆங்கிலப் பாடல் விருந்துக்கு வந்திருக்கிறது. பஞ்சாபி அறியாத ஆங்கிலேயர் தம் நினைவில் உள்ள மூலத்தைக் கொண்டே பொருள் உணர்கிறார். வழக்கமாகக் குடியேறியவர்மீது சுமத்தப்படும் மொழிபெயர்ப்புப் பணி, இங்குப் பெரும்பான்மைக் கேட்போர்மீது விழுகிறது. அறிக்கையோ முழக்கமோ இன்றி, ஒரு மொழித் தேர்வினால் மட்டுமே இது நிகழ்கிறது.

குறைகள்

தொகுப்பு குறையற்றதன்று. இடையிடையே வரும் சொற்களற்ற குறும்பதிவுகள் சில, முழுமை பெறாத வரைவுகளாகவே நின்றுவிடுகின்றன. நடுப்பகுதியில் ஓட்டம் தளர்வதை மறுக்க இயலாது. ஆயின் அத்தளர்ச்சி, எல்லாவற்றையும் விற்பனைக்கேற்பச் செதுக்காத ஒரு மனத்தின் விலை என்றும் கொள்ளலாம்.

முடிவுரை

தாய்மொழி என்பது தூய்மையாகக் காக்கப்பட வேண்டிய பேழை என்றோ, உலகியலுக்கு உதவாத பழம்பொருள் என்றோ இருமுனையாகக் காணும் போக்கு, புலம்பெயர்ந்த சமூகங்கள் பலவற்றிலும் உண்டு. இத்தொகுப்பு இவ்விரண்டையும் ஏற்கவில்லை. பஞ்சாபி இதில் விளக்கம் கோரி நிற்பதுமில்லை, மன்னிப்புக் கேட்பதுமில்லை. பிறவற்றை வரவேற்கும் அளவுக்குத் தன் இடத்தில் உறுதியாக இருக்கிறது. நம் வகுப்பறைகளில் மாணவர் கொண்டுவரும் கலப்பிசைப் பாடல்களை மதிப்பிடும் ஆசிரியர், கலப்பு நேர்ந்துள்ளதா என்று வினவுவதைவிட, அக்கலப்பில் நம் மொழி வீட்டாராக இருக்கிறதா, விருந்தினராக இருக்கிறதா என்று வினவுவது பயன் தரும். அவ்வினாவைச் செவிவழியே கற்பிக்கும் நூலாக இத்தொகுப்பைக் கொள்ளலாம். அதைக் கேட்கத் தொடங்குவோர் புகழ்பெற்ற மறுகலவையை ஒதுக்கிவைத்து, இறுதிப் பாடலிலிருந்து பின்னோக்கிச் செல்லுதல் நன்று.