ஏவியவர் யார், எழுதியவர் யார்?

செயற்கை நுண்ணறிவு வந்து மாணவர்களின் எழுத்தைக் கெடுத்துவிட்டது என்ற புலம்பல் நம் கல்லூரிகளில் கேட்கிறது. கெடுவதற்கு முன் என்ன இருந்தது? பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம். இரண்டிலும் கட்டுரை என்றால் நோட்ஸில் உள்ளதை உருப்போட்டுத் தேர்வுத்தாளில் இறக்கி வைப்பதுதான். முதல் வரைவு, அதன் மேல் ஆசிரியரின் குறிப்பு, பிறகு திருத்திய வரைவு என்ற வரிசையை ஒருமுறைகூடக் காணாமல் பட்டம் பெற்றவர்கள் நம்மிடையே ஏராளம். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானபோது நம் வகுப்பறையில் அது இடம்பிடித்தது எழுத்தின் நாற்காலியில் அல்ல, கைடின் நாற்காலியில். வகுப்பில் இதை எப்படிக் கையாள்வது என்று ஆசிரியர்களுக்கு வழிகாட்ட முனைவோர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எழுதக் கற்பிப்பது தனித் தொழில். அங்குள்ள நவீன மொழிச் சங்கமும் கல்லூரி எழுத்துப் பயிற்சி ஆசிரியர்களின் மாநாட்டு அமைப்பும் செயற்கை நுண்ணறிவு குறித்துக் கூட்டுப் பணிக்குழு அமைத்து, 2023 ஜூலையில் முதல் அறிக்கையை வெளியிட்டன. ஆசிரியரைக் காவலராக்காமல், மாணவர் எழுதிச் செல்லும் வழியின் மேல் கவனத்தைத் திருப்பியது அதன் பெரிய பலம். முடிந்த கட்டுரைக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் இயந்திரம் வென்றுவிடும். குறிப்பு, வரைவு, திருத்தம் எல்லாவற்றையும் பார்த்தால் மாணவர் தெரிவார். இதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் அந்த யோசனை எந்த வகுப்பறையை மனத்தில் வைத்துப் பிறந்தது? எழுத்து வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது, 15 பேர் என்றால் நல்லது என்பது அந்த மாநாட்டு அமைப்பின் நிலைப்பாடு. நம் அரசுக் கலைக் கல்லூரியில் ஒரு பிரிவில் ஐம்பது, அறுபது பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு வரைவு வாங்கினால் ஒரு கட்டுரைக்கே குறைந்தது நூறு தாள்கள். அவற்றைப் படிப்பவர் பல இடங்களில் அடுத்த ஆண்டு பணி உறுதியில்லாத கௌரவ விரிவுரையாளர். அவருக்கு ஒருநாள் பயிலரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுத்துவிட்டு ‘ஏஐ பயிற்சி முடிந்தது’ என்று எழுதிவைப்பது உதவி ஆகாது.

நேரம் இல்லாத ஆசிரியர் குறுக்குவழியாக, இயந்திர எழுத்தைக் கண்டறியும் மென்பொருளைத் தேடுவார். அதுதான் இதில் ஆபத்தான பகுதி. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டது. அவர்களுடைய சோதனையிலேயே, இயந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காட்டைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டை இயந்திரத்தின் வேலையெனத் தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் சோதித்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், சராசரியாக 61 விழுக்காட்டுக் கட்டுரைகள் இயந்திரத்தின் வேலையென முத்திரை குத்தப்பட்டதைக் கண்டார்கள். எளிய சொல், பழகிய வாக்கியம், அடுத்த சொல்லை எளிதில் ஊகிக்கக்கூடிய நடை: இவற்றைத்தான் பல கருவிகள் இயந்திரத்தின் அடையாளமாகக் கொள்கின்றன. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வந்த பிள்ளையின் ஆங்கிலமும் அப்படித்தான் இருக்கும். அவள் நேர்மையாக எழுதியதற்கே தண்டனை கிடைக்கும். ஹரியானாவின் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் இப்படிக் குற்றம் சாட்டப்பட்டுத் தோல்வி தரப்பட்ட சட்ட மாணவர், 2024-இல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பிறகு பல்கலைக்கழகம் அவரைத் தேர்ச்சி பெறச் செய்தது. எல்லோராலும் நீதிமன்றப் படி ஏற முடியுமா?

தமிழ் வகுப்பின் நிலை வேறு. 2024 மே மாதத்தில் ஓபன்ஏஐ தன் புதிய மாதிரியை அறிமுகம் செய்தபோது, இயந்திரம் வாசிக்க முன்பு 116 துண்டுகளாக வெட்டிய ஒரு தமிழ் மாதிரி வாசகம் இனி 35 துண்டுகளில் அடங்கும் என்று காட்டியது. துண்டு குறைந்ததால் செலவு குறைந்தது, வேகம் கூடியது. நடை மட்டும் ஆங்கிலத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்டது போலவே பல நேரம் நிற்கிறது. தமிழாசிரியருக்கு இது நல்ல வாய்ப்பு. இயந்திரம் தந்த ஒரு பத்தியைக் கரும்பலகையில் எழுதி, எந்த வாக்கியம் தமிழாக இல்லை, ஏன் இல்லை என்று வகுப்பையே திருத்தச் சொல்லலாம். உருப்போடுதலில் ஒருநாளும் கிடைக்காத மொழிப்பயிற்சி அது.

இயந்திரத்தின் இன்னொரு பலவீனம் உள்ளூர். 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய செஞ்சிக் கோட்டையைப் பற்றி அது தாராளமாக எழுதித் தரும். அதே வட்டாரத்துத் தொண்டூர் என்ற ஊரைப் பற்றிக் கேட்டால் நம்பிக்கையான குரலில் எதையாவது புனையும் வாய்ப்பு அதிகம். இணையத்தில் எழுத்து குறைவாக உள்ள ஊருக்கெல்லாம் இந்த இடர் உண்டு. ஆகவே கட்டுரைத் தலைப்பைத் தொண்டூரில் வைக்கலாம். மாணவர்கள் அவ்வூர்க் குன்றுக்குப் போய்ச் சமண முனிவர்களின் கற்படுக்கைகளைப் பார்த்து, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் குறிப்பெடுத்து வரட்டும். பிறகு இயந்திரத்திடம் கேட்டு, அது சொன்னதில் எது பொய், எது தாம் கவனிக்கத் தவறியது என்று இரு பக்கம் எழுதட்டும். இரண்டாவது கேள்வியும் முக்கியம், ஏனென்றால் நாம் பார்க்காததைச் சில நேரம் அது கேட்க வைக்கும்.

அந்தக் குன்றில் கி.பி. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கணிக்கப்படும் தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. இளங்காயிபன் ஏவ, மோசி செய்தார் என்று அது ஏவியவரையும் செய்தவரையும் தனித்தனியே பெயர் சொல்லிப் பதிவு செய்கிறது. மாணவரிடம் கேட்க வேண்டிய வாக்குமூலம் இதே அளவுதான்: எதை இயந்திரத்திடம் கேட்டாய், அது என்ன தந்தது, அதில் எதை மாற்றினாய். தடையும் மிரட்டலும் இருக்கும் வகுப்பில் இதை யாரும் எழுதித் தர மாட்டார்கள். எழுதினால் மதிப்பெண் குறையாது என்ற உறுதியை ஆசிரியர் முதல் நாளே தர வேண்டும். அந்த உறுதியைத் துறை எழுத்தில் தந்து அவருக்குத் துணை நிற்க வேண்டும்.

கைபேசியும் கட்டணக் கணக்கும் இல்லாத மாணவர் பின்தங்குவார் என்ற எதிர்வாதம் நியாயமானது. குழுவுக்கு ஒரு கைபேசி, அல்லது ஆசிரியர் அச்செடுத்துத் தரும் ஒரே விடை என்று வைத்தால் அது ஓரளவு தீரும். தீராதது நேரப் பிரச்சினை. 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கும் 25 அகமதிப்பீட்டுக்கும் இருக்கும் இடத்தில், அந்த 25-இல் பத்தையாவது வரைவுக்கும் நேரில் கேட்கும் இரண்டு கேள்விக்கும் ஒதுக்கலாம். பருவத்துக்கு ஐந்து கட்டுரை கேட்பதை நிறுத்தி ஒன்றை மட்டும் கேட்டு, அதை மூன்று முறை எழுத வைக்கலாம். வரைவு படிக்கும் நேரத்தை ஆசிரியரின் பாடவேளைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இதற்குப் புதிய மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. பாடத்திட்டக் குழு ஒரு கூட்டத்தில் முடிவெடுத்தால் அடுத்த பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.