ஆண்கள் இல்லாத கரை

நீச்சலில் நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்குத் தனி மவுசு. இன்று அது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது, அரங்கமே எழுந்து நிற்கிறது. 1988இல் ஐம்பது மீட்டர் ஒலிம்பிக்கில் நிலைபெற்ற பிறகும் அந்த மவுசு குறையவில்லை. ஆண்களுக்கு 1896 ஏதென்ஸிலேயே இந்தப் போட்டி இருந்தது. பெண்கள் 1912 ஸ்டாக்ஹோம் வரை காத்திருந்தார்கள்.

ஸ்டாக்ஹோமில் வென்றவர் சிட்னியின் ஃபேனி டூராக். அவர் நீச்சல் பழகிய காலத்தில் பெண்களுக்கு ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் மட்டுமே சாம்பியன் பட்டம் உண்டு. (எப்படி வேண்டுமானாலும் நீந்தலாம் என்பதால்தான் மற்றதற்கு ‘ஃப்ரீ’ என்று பெயராம்!) பெரிய தடை கரையில் இருந்தது. ஆண்கள் பார்க்கும் இடத்தில் பெண்கள் போட்டியிடக் கூடாது என்றது நியூ சவுத் வேல்ஸ் பெண்கள் நீச்சல் சங்கத்தின் விதி.

சங்கத் தலைவர் ரோஸ் ஸ்காட். வகுப்பில் இதைச் சொன்னதும் மாணவிகள் ஒரு பழமைவாதியைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். ஆனால் ஸ்காட் பெண்களின் வாக்குரிமைக்காகப் பல்லாண்டு உழைத்தவர். 1902இல் அந்த மாநிலப் பெண்கள் அதைப் பெற்றதில் அவர் பங்கு பெரிது. சிறுமிகளுக்கான சம்மத வயதை உயர்த்தப் போராடியவர். ஆணின் பார்வை எதுவரை போகும் என்று அறிந்தவர். ‘தாவணியை இழுத்துவிடு’ என்ற குரலில் வளர்ந்த என்னால் அவருடைய பயத்தை ஏளனம் செய்ய முடியவில்லை. இருந்தாலும், பார்க்கிறவனைத் திருத்த முடியாதபோது நீந்துகிறவளை மறைத்துவைப்பது என்ற இடத்துக்குத்தான் அவரும் வந்து சேர்ந்தார். விலை கொடுத்தவர்கள் நீந்தியவர்கள். பாதிக் கரை காலியாக இருந்தால் பந்தயத்துக்குப் புகழ் எங்கிருந்து வரும்?

பொதுமக்கள் எதிர்ப்பில் 1912இல் விதி தளர்ந்தது. ஸ்காட் பதவி விலகினார். டூராக்கும் தோழி மினா வைலியும் செலவுக்குத் தாங்களே வழி தேடிக் கப்பலேறினார்கள். டூராக் 1 நிமிடம் 22.2 விநாடியில் முதலிடம், வைலி இரண்டாமிடம். நூறு மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் பெண் டான் ஃப்ரேசரும் சிட்னிக்காரர்தான். ஆனால் அதற்கு 1962 வரவேண்டியிருந்தது.

பதக்கங்களைவிட எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது வேறொன்று. ஸ்டாக்ஹோமில் பெண்களுக்கு ரிலேயும் இருந்தது. அதற்கு நால்வர் வேண்டும், இவர்கள் இருவர். ஆளுக்கு இரண்டு முறை நீந்துகிறோம் என்று கேட்டுப் பார்த்தார்கள். அனுமதிக்கவில்லை.