முடிவு தெரிந்த சண்டை: கூத்து மாவட்டத்திலிருந்து தொலைக்காட்சி மல்யுத்தத்தைப் பார்த்தல்

"எல்லாம் பேசி வைத்துக்கொண்டு அடிக்கிறார்கள்" என்ற ஒரே வாக்கியத்தோடு தொலைக்காட்சி மல்யுத்தம் பற்றிய பேச்சு நம் வீடுகளில் முடிந்துவிடும். வேறு ஊரில் அப்படி முடிந்தால் போகட்டும். திருவண்ணாமலை மாவட்டத்தில் முடிவதுதான் வியப்பாக இருக்கிறது. செய்யாறு, ஆரணி, வந்தவாசிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஓர் ஊரில், பாரதம் நடக்கும் கோடையில் போய் நின்றால், முடிவு தெரிந்த சண்டையை மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது விளங்கும்.

படுகளத்தன்று காலையில் கோயிலுக்கு முன்னுள்ள வெட்டவெளியில் துரியோதனனை மண்ணால் படுக்கவைத்திருப்பார்கள். பல ஆள் நீளம். வண்ணம் தீட்டிய முகம், முறுக்கிய மீசை. தொடைப் பக்கம் சிவப்பு நீர் வைத்திருப்பார்கள். இரவெல்லாம் ஆடிக் கண் சிவந்த வேஷக்காரர்கள் இருவர், பீமனும் துரியோதனனும், அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். ஒருவரை ஒருவர் துரத்திக் கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வருவார்கள். யார் விழப்போகிறார் என்று தெரியாத ஒருவர்கூட அங்கே கிடையாது. விழப்போகிறவனின் உடம்பு விடிந்ததிலிருந்து கண்ணெதிரே கிடக்கிறது. ஆனாலும் பீமனின் கதாயுதம் தொடையில் இறங்கும்போது கூட்டம் ஒரே குரலாக எழும். பாஞ்சாலி கூந்தல் முடியும்போது அழுகிறவர்கள் உண்டு. செத்தவனுக்கு ஒப்பாரி வைப்பதும் உண்டு. அப்புறம் அந்த மண்ணைப் பிடி பிடியாக அள்ளி வீட்டுக்கும் வயலுக்கும் கொண்டுபோவார்கள்.

திருவண்ணாமலை நகரத்துக்குள்ளும் இந்தப் பழக்கம் இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று திருவூடல் தெருவில் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலையம்மனுக்கும் ஊடல் நடக்கிறது. சுந்தரர் தூது போகிறார். அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்ப, மறுநாள் மறுவூடலில் இருவரும் சேர்கிறார்கள். ஆண்டுதோறும் அதே பிணக்கு, அதே சமாதானம். தெரு கொள்ளாத கூட்டம்.

இப்படிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தொலைக்காட்சி மல்யுத்தத்தின் ஓர் அத்தியாயத்தை எடைபோடும் அளவுகோல் கைவசம் இருக்கிறது என்பது என் எண்ணம். அதை நாம் எடுத்துப் பயன்படுத்தியதில்லை. சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிற தமிழ் இதழ்கள், ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த இந்தக் கலையைப் பற்றி எழுதியது மிகக் குறைவு.

மேற்கே இதைத் தொடங்கிவைத்தவர் பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த். 1952இல் ஒரு பிரெஞ்சு இதழில் அவர் எழுதிய மல்யுத்தக் கட்டுரைதான், 1957இல் வந்த 'மித்தாலஜி' நூலின் முதல் கட்டுரை. பாரிஸின் மங்கலான அரங்குகளில் நடந்த மலிவான பந்தயங்களை அவர் கிரேக்க நாடகத்தின் பக்கத்தில் வைத்தார். தோவன் என்ற ஐம்பது வயது மல்லனின் தளர்ந்து பருத்த உடம்பைப் பார்த்ததுமே, இவன் கேடன் என்பது அரங்குக்குத் தெரிந்துவிடும் என்கிறார். முகப்பூச்சைப் பார்த்து ராஜாவையும் ராட்சசனையும் பிரித்தறியும் நம் ஊர்ப் பார்வையாளருக்கு இது புதிய செய்தி இல்லை.

தொழில்காரர்கள் மட்டும் நெடுங்காலம் ரகசியத்தைக் காத்தார்கள். 1989இல் வின்ஸ் மெக்மேனின் நிறுவனம் (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) நியூ ஜெர்சி மாநிலச் செனட்டில், இது போட்டி விளையாட்டு இல்லை, கேளிக்கை என்று தானே ஒப்புக்கொண்டது. அப்படிச் சொன்னால் விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் விலகும் என்பதுதான் காரணம். பார்வையாளர்கள் யாரும் கலைந்து போகவில்லை. 1993 சனவரியில் அந்நிறுவனம் தொடங்கிய 'ரா' வாராந்தர நிகழ்ச்சி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உண்மையான மற்போரை வர்ணித்த மரபும் நமக்கு இருக்கிறது. ஆமூர் மல்லனைச் சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடியது புறநானூற்றில் 80ஆம் பாட்டு. ஒரு கால் எதிரியின் மார்பில் அழுந்துகிறது, மறு கால் அவன் உபாயத்தைத் தடுத்துப் பின்னால் ஊன்றுகிறது என்று பிடியைப் பிடியாகவே சொல்கிறார். மகனோடு பிணங்கியிருந்த தந்தை தித்தன் இதைக் காண மாட்டானா என்று ஏங்குகிறார். சண்டையின் நுட்பமும் சண்டைக்கு வெளியே உள்ள குடும்பப் பகையும் ஒரே பாட்டில் சேர்ந்திருக்கின்றன. இன்றைய தொலைக்காட்சி எழுத்தாளர்கள் ஒவ்வொரு வாரமும் தேடுவது இந்தச் சேர்க்கையைத்தான்.

ஓர் அத்தியாயத்தின் கட்டமைப்பைக் கூத்தோடு ஒப்பிட்டால் இன்னும் துலங்கும். கூத்தில் இருவர் திரை பிடிக்க, வேஷக்காரர் அதன் பின்னால் நின்று தன் பெருமையைப் பாடுவார். கிரீடத்தின் நுனி தெரியும், காலின் சலங்கை கேட்கும், ஆள் தெரியாது. திரை விலகியதும் கிறிக்கி என்ற சுழலாட்டம் ஆடி அரங்கை நிரப்புவார். கட்டியங்காரன் வந்து யார், எந்த நாடு என்று கேட்பான். ராஜா சொல்வார். அதற்குப் பிறகுதான் கதை. டபிள்யூ.டபிள்யூ.இ. மல்லர் அண்டர்டேக்கர் வருவதை நினைத்துப் பாருங்கள். விளக்குகள் அணையும், மணி ஒலிக்கும், மூட்டம் பரவும், கறுப்புத் தொப்பி மெல்ல நடந்து வரும். சண்டையைவிட அந்த நடைக்கு அதிக நேரம் எடுத்துக்கொண்ட இரவுகள் உண்டு. கட்டியங்காரனின் வேலையை அங்கே வர்ணனையாளர்கள் செய்தார்கள். ஜிம் ராஸ் நியாயத்தின் பக்கம் நின்று பதறுவார், ஜெர்ரி லாலர் அநியாயத்துக்கு வக்காலத்து வாங்குவார். அந்த வழக்காட்டம் இல்லாத அடி வெறும் அடியாகவே தெரியும்.

நம் பக்கத்து வரலாறு தாரா சிங்கிலிருந்து தொடங்குகிறது. 1940களின் இறுதியில் சிங்கப்பூரில் தொழில் கற்ற பஞ்சாபி அவர். ஹங்கேரியில் வேர் கொண்ட கிங்காங் என்ற எமில் சாயாவோடு அவர் மோதிய பந்தயங்களைப் பற்றி மலேயா, சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளிலும் பழைய சென்னையிலும் பேச்சு அடிபட்டது. 1968இல் பம்பாயில் அமெரிக்க மல்லர் லூ தெஸ்ஸை வென்றார். 1965இல் வந்த 'மகாபாரத்' இந்திப் படத்தில் பீமன் அவர்தான். திரௌபதியாக நடித்தவர் நம் பத்மினி. கோதாவிலிருந்து ஓர் ஆள் நேராகப் பாரதத்துக்குள் போகும் இந்தப் பாதை பின்னாலும் வரும்.

2002இல் டென் ஸ்போர்ட்ஸ் வந்த பிறகு கேபிள் உள்ள எல்லா வீட்டிலும் டபிள்யூ.டபிள்யூ.இ. நுழைந்தது. அதற்கு முன்பே ட்ரம்ப் கார்டு வந்துவிட்டது. பெட்டிக்கடையில் தொங்கிய அந்தச் சீட்டுக்கட்டில் உயரம், எடை, மார்பளவு, கைச்சுற்றளவு, ஆடிய ஆட்டம், வென்ற ஆட்டம், தரவரிசை எல்லாம் அச்சாகியிருக்கும். ஆங்கிலப் பேச்சு புரியாத பிள்ளைகளுக்கு மல்லர்களை அறிமுகம் செய்த சுவடி அதுதான். யாரோடு யாருக்குப் பகை என்பதைத் திரையில் பார்த்து அவர்களே கதை கட்டிக்கொண்டார்கள்.

இனி ஓர் அத்தியாயம். 2007 சூலை 20 அன்று ஒளிபரப்பான, டபிள்யூ.டபிள்யூ.இ.யின் 'ஸ்மாக்டவுன்', டெக்சாஸின் லரேடோவில் மூன்று நாள் முன்பு படமெடுத்தது. உலக ஹெவிவெயிட் பட்டம் வைத்திருந்த எட்ஜுக்கு மார்புத் தசை உண்மையிலேயே கிழிந்துவிட்டது. பட்டத்தைத் துறந்தார். காலியான பட்டத்துக்கு இருபது பேர் ஒரே மேடையில் இறங்கினார்கள். மேல் கயிற்றைத் தாண்டி வெளியே விழுந்து இரண்டு காலும் தரை தொட்டால் ஆட்டம் போச்சு. கடைசியில் மிஞ்சியவர்கள் கேன், பட்டிஸ்டா, கிரேட் காளி. காளி என்பவர் இமாச்சலத்து தலீப் சிங் ராணா, பஞ்சாப் காவல்துறையில் இருந்தவர், ஏழடிக்கு மேல். மற்ற இருவரையும் அவர் ஒரே நேரத்தில் வெளியே தள்ளினார். அந்த நிறுவனத்தின் உலகப் பட்டம் முதன்முதலாக ஓர் இந்தியர் கைக்கு வந்தது.

மல்யுத்த நுட்பம் என்று பார்த்தால் அந்த இரவில் பெரிதாக ஒன்றுமில்லை. காளிக்கு ஓட்டம் இல்லை, தாவல் இல்லை. உச்சந்தலையில் ஒரு வெட்டு, இரண்டு கையாலும் மண்டையை நெரிக்கும் பிடி, அவ்வளவுதான். ஆனால் கனத்த வேஷத்தின் இலக்கணம் அவருக்குக் கைவந்திருந்தது. கூத்தில் கனமான மரக்கட்டை அணிகளைக் கட்டியவர் குறைவாக அசைந்தே இடத்தை ஆள்வார். மற்ற பத்தொன்பது பேரும் ஓடிக் களைக்க, காளி நின்ற இடத்தில் நின்றார். அவரைச் சுற்றியே வெற்றிடம் உண்டாயிற்று. அந்த முடிவு ஒரே நாளில் வந்ததும் இல்லை. 2006 ஏப்ரலில் அண்டர்டேக்கரைத் தாக்கிக்கொண்டு அறிமுகமானவர், அடுத்த மாதமே அவரைத் தோற்கடித்தார். பதினைந்து மாதம் சேர்த்த அச்சம் அந்த இரவில் வட்டியோடு திரும்பி வந்தது. ஓர் அத்தியாயம் நன்றாக அமைய அதற்கு முந்தைய அத்தியாயங்கள் வேண்டும். பதினெட்டாம் நாள் படுகளத்துக்கு முந்தைய இரவுகள் எல்லாம் எண்ணெய் ஊற்றுவதைப் போல. இரண்டு மாதத்தில் பட்டிஸ்டாவிடம் காளி பட்டத்தை இழந்தார்.

காளியின் வெற்றிக்கும் அடுத்து நான் எடுக்கும் அத்தியாயத்துக்கும் இடையில் நடந்த இரண்டைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2012இல் கலர்ஸ் அலைவரிசையில் புனேயில் படமெடுத்த 'ரிங் கா கிங்' இந்தியாவுக்கென்று செய்த முயற்சி. ஒரே பருவத்தோடு நின்றது. 2017 மே மாதம் கனடாவில் பிறந்த ஜிந்தர் மகால் ராண்டி ஆர்டனை வென்று பட்டம் பெற்றார். பஞ்சாபியில் பேசி அமெரிக்கக் கூட்டத்தைச் சீண்டும் வில்லன் வேஷம் கொடுத்தார்கள். தலைப்பாகையும் தாய்மொழியுமே வெறுப்புக்குக் காரணமாக வேண்டும் என்று எழுதியதை நான் கேடாகவே கருதுகிறேன். துரியோதனன் கெட்டவன் ஆவது அவன் செய்கையால். அவன் பேசும் மொழியால் இல்லை.

இரண்டாவது அத்தியாயம் 2021 சனவரி 26, குடியரசு நாளன்று இந்தியத் தொலைக்காட்சிக்கென்றே தயாரித்த 'சூப்பர்ஸ்டார் ஸ்பெக்டகிள்'. நடந்தது ஃபுளோரிடாவில். கொரோனாக் காலம் என்பதால் நேரில் கூட்டம் இல்லை, சுற்றிலும் திரைகளில் முகங்கள். ஃபின் பாலர் குரு ராஜை வென்றார். ஏ.ஜே. ஸ்டைல்ஸ் ஜீத் ராமாவை வென்றார். சார்லட் ஃபிளேரோடு ஜோடி சேர்ந்து சரீனா சந்து ஜெயித்தார். கடைசிப் போட்டியில் அப்போதைய சாம்பியன் ட்ரூ மெக்கின்டயரோடு ரிங்கு சிங்கும் சௌரவ் குர்ஜரும் நின்றார்கள். எதிரே ஜிந்தர் மகாலும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும்.

அந்த சௌரவ் குர்ஜரைத் தமிழ் வீடுகளுக்குத் தெரியும். 2013இல் விஜய் தொலைக்காட்சியில் தமிழ்க் குரலோடு ஓடிய மகாபாரதத் தொடரின் பீமன் அவர். தாரா சிங் போன பாதையில் பாரதத்துக்குள் போய், பிறகு கோதாவுக்குத் திரும்பி வந்தவர். ஜராசந்தனைக் கிழித்ததையும் கீசகனைக் கொன்றதையும் துரியோதனன் தொடை பிளந்ததையும் வீட்டுக்கூடத்தில் நாம் பார்த்த உடம்பு. இதைவிட ஒரு தயாரிப்பாளருக்கு என்ன வேண்டும்? ஆனால் தயாரித்தவர்கள் அதை வைத்து ஒன்றுமே செய்யவில்லை. அவருக்கென்று ஒரு பகை இல்லை, ஒரு சபதம் இல்லை. வெள்ளைக்கார சாம்பியனுக்குத் துணையாளாக வந்து, வென்ற பக்கத்தில் நின்று, போனார். இந்த அத்தியாயத்துக்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. குரு ராஜின் துள்ளல் கண்ணுக்கு நன்றாக இருந்தது. ஆனால் அவர் யார் என்று கேட்க ஒரு கட்டியங்காரன் வரவில்லை. இந்தியர்களுக்காக நடந்த இரவில் இந்தியர்கள் வெறும் அளவுகோலாக, பெயர்பெற்றவர்களின் பலத்தைக் காட்டும் ஆட்களாக நின்றார்கள். 2023 செப்டம்பரில் ஐதராபாத் கச்சிபௌலி அரங்கில் அதே பெயரில் நடந்த நிகழ்ச்சிக்கு உயிருள்ள கூட்டம் இருந்தது, ஜான் சீனா வந்தார். கதை அப்போதும் இல்லை.

2021 சூனில் சோனி டென் 4 தமிழ், தெலுங்கு வர்ணனையோடு தொடங்கியபோது இந்தக் குறை தீர வழி பிறந்தது. வர்ணனைக்கு உட்காருகிறவர் ஆங்கில வர்ணனையைப் பெயர்த்துச் சொல்வதோடு நிற்க வேண்டியதில்லை. நம் மாவட்டத்துப் புரிசை ஊர்க் கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே மடக்குவதைப் பார்த்து வளர்ந்த மண் இது. பக்கம் எடுத்துப் பேசலாம், பழைய பகையை நினைவூட்டலாம். ஆனால் 'ரா' 2025 ஏப்ரலில் இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸுக்கு மாறிவிட்டது. இனி சந்தா கட்டியவர் தனியே கைப்பேசியில் பார்ப்பார். தெருவே சேர்ந்து சத்தம் போட்டுப் பார்த்த சுவை குறையும் என்பது எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

முடிவு பேசிவைத்தது என்றாலும் விழும் உடம்பு மெய்யான உடம்பு. 1999 மே 23 அன்று கான்சாஸ் நகரில் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் வித்தையில் ஓவன் ஹார்ட் விழுந்து இறந்தார். அன்றைய நிகழ்ச்சியை நிறுத்தாமல் தொடர்ந்து நடத்தினார்கள். காளி பட்டம் வெல்வதற்கு ஒரு மாதத்துக்குள்தான் கிறிஸ் பென்வா மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்று தானும் இறந்திருந்தார். பலமுறை அடிபட்ட அவருடைய மூளையைப் பரிசோதித்த மருத்துவர்கள் கடுமையான சேதத்தைக் கண்டார்கள். இந்த மல்லர்களை நிறுவனம் ஊழியர்களாக வைத்துக்கொள்வதில்லை, சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள் என்றே கணக்கு வைக்கிறது. மார்புக் கட்டையும் கிரீடமும் சுமந்து விடிய விடிய ஆடி, முட்டி தேய்ந்த பின் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கும் கூத்துக்காரர்களை அறிந்த மாவட்டத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காளிக்கு 2012இல் அமெரிக்காவில் மூளையடிச் சுரப்பியிலிருந்த கட்டியை அறுவை செய்து அகற்றினார்கள். அவரை அவ்வளவு பெரிய ஆளாக வளர்த்தது அந்தக் கட்டிதான். மூன்று ஆண்டு கழித்து அவர் ஜலந்தரில் மல்யுத்தப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 2021 இரவில் ஆடிய தில்ஷேர் ஷாங்கி அங்கே பயின்றவர்தான். அந்தப் பள்ளியிலிருந்து அடுத்து வரும் பையனுக்குக் கதையும் வேண்டும், காப்பீடும் வேண்டும். அவன் ஆடும் அத்தியாயத்துக்கு விமர்சனம் எழுதுகிறவர்கள் இரண்டையும் கேட்டு எழுத வேண்டும்.