நரம்பு என்ற ஒரு சொல்

டாக்டர் சாமுவேல் கிரீனைப் பற்றி இரண்டு விதமான பேச்சைத்தான் நான் கேட்டிருக்கிறேன். ஒரு கட்சியார் அவரைத் தமிழ் மருத்துவ நூல்களின் தந்தை என்று வாழ்த்தி, படத்துக்கு மாலை போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மற்றொரு கட்சியார் அவருடைய புஸ்தகங்களின் பெயரை வாசித்த மாத்திரத்தில், "இதுவா தமிழ்?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் வைத்தியம் படித்தவனல்ல, கதை எழுதுகிறவன். ஆனாலும் சொல்தான் என் பிழைப்புக்கும் கருவி. அந்தப் பாத்தியதையில் இந்த வழக்கிலே நானும் தலையிடுகிறேன்.

கிரீன் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியிலுள்ள வூஸ்டர் ஊர்க்காரர். மிஷன் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தினார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு வைத்தியம் கற்பித்தார். முதலில் இங்கிலீஷில், 1864 முதல் தமிழில். தமிழில் கற்பிப்பதென்றால் தமிழில் புஸ்தகம் வேண்டும். 1852இலேயே கட்டர் என்பவரின் பாட நூலை 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்று கொண்டுவந்திருந்தார். பிறகு 1857இல் பிரசவ வைத்தியம், 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம், 1875இல் கெமிஸ்தம். 1873இல் ஊர் திரும்பிய பின்னரும் தமிழை விட்டாரில்லை. 'மனுஷ சுகரணம்' 1883இல் வந்தது. அடுத்த ஆண்டு காலமானார்.

உடம்பு எப்படி அமைந்திருக்கிறது என்று சொல்லும் சாஸ்திரம் அங்காதிபாதம். அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் சாஸ்திரம் சுகரணம். இன்றைக்கு நாம் உடற்கூறு என்றும் உடலியங்கியல் என்றும் சொல்லுகிறோம். அங்காதிபாதம் என்று கேட்டதும் நம் புலவர்களின் பாதாதிகேசம், கேசாதிபாதம் எல்லாம் எனக்கு ஞாபகம் வருகின்றன. உச்சி முதல் உள்ளங்கால் வரை உடம்பைப் பாடுவதில் நமக்கு ஈடு யாருமில்லை. ஆனால் தோலுக்கு வெளியே நின்றுதான் பாடினோம். தோலுக்கு உள்ளே ஒரு கேசாதிபாதம் எழுத அந்த வெள்ளைக்காரர் வேண்டியிருந்தது.

அவர் சொற்களில் சமஸ்கிருதம் அதிகம் என்பது உண்மை. அதைக் குற்றம் என்று நாம் சொல்வதற்கு முன் நம் சட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பள்ளிப் புஸ்தகத்தில் இருதயத்திலிருந்து ரத்தத்தை எடுத்துப் போகும் குழாய் தமனி. இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை. தூய தமிழ் போல ஒலித்தாலும் இரண்டும் வடசொற்களே. சொந்தம் இல்லாவிட்டாலும் போகட்டும், அறிமுகமாவது உண்டா? தமனி என்று சொல்லிப் பாருங்கள், சாத்தூர்ச் சந்தையில் ஒருவர் திரும்பிப் பார்க்கமாட்டார். இலங்கைத் தமிழ்ப் புஸ்தகங்களில் முன்னதை நாடி என்கிறார்கள், பின்னதை நாளம் என்கிறார்கள். நாடியும் வடமொழிச் சம்பந்தமுள்ள சொல்தான். ஆனால் நாடி பிடித்துப் பார்க்காத பாட்டி எந்த ஊரில் இருக்கிறாள்? மணிக்கட்டில் துடிப்பது இந்தக் குழாயேதான். அந்தச் சொல்லைக் கேட்டவனின் விரல் தானாகச் சரியான இடத்துக்குப் போகிறது. ஒரு கலைச்சொல்லுக்கு இதைவிட என்ன நற்சாட்சி வேண்டும்?

எங்கள் பக்கத்துக் கறிக்கடைக்காரர் ஒரு பெரிய அங்காதிபாத பண்டிதர். ஈரல், நுரையீரல், குண்டிக்காய், குடல், நல்லி எலும்பு என்று பிசகாமல் பிரித்து வைப்பார். மண்ணீரலுக்கு அவர் கடையில் சுவரொட்டி என்று பேர். நுரையீரல் என்ற சொல்லில் நுரையும் இருக்கிறது, ஈரலுக்குப் பக்கத்து உறுப்பு என்பதும் இருக்கிறது. கமிட்டி போட்டு இப்படி ஒரு சொல் செய்ய முடியுமா என்பது சந்தேகம். 1916இல் சேலத்தில் ராஜாஜி முதலானோர் சாஸ்திர பரிபாஷைக்குச் சங்கம் வைத்த நாள் முதல் நாம் கலைச்சொற்களைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். செய்த சொல்லை யாரிடம் சொல்லிப் பார்த்தோம் என்பதே என் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்குப் புஸ்தக அலமாரியின் முன்னால் தோன்றவில்லை. ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் தோன்றியது. ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம். அங்கே யாரும் கடமையில் தவறவும் இல்லை.

எங்கள் தெருப் பையன் ஒருவன் பட்டாசு வேலைக்குப் போனான். மணிமருந்து காயவைக்கிற இடத்தில் தீப்பிடித்துவிட்டது. சிவகாசிப் பக்கத்தில் மருந்து என்றால் முதலில் வெடிமருந்துதான். "மருந்து பட்டிருச்சு" என்று தாய் சொல்ல, வெளி ஜில்லாவிலிருந்து வந்திருந்த இளம் டாக்டர், "என்ன மருந்து சாப்பிட்டான்?" என்று கேட்டார். அதுவாவது ஒரு நிமிஷத்தில் தெளிந்துவிட்டது.

சீட்டில் அறுபது சதவீதம் என்று எழுதியிருந்தது. தாய் என்னிடம் வந்து, "அறுவதுன்னு எழுதியிருக்காக அண்ணாச்சி. பாக்கி நாப்பது நல்லாத்தான இருக்கு?" என்றாள். பரீட்சை மார்க்கு மாதிரி அவள் கணக்குப் போட்டுவிட்டாள். அது தோலின் பரப்புக்கு உள்ள கணக்கு. தலையும் கழுத்தும் 9, ஒவ்வொரு கைக்கும் 9, ஒவ்வொரு காலுக்கும் 18, உடம்பின் முன்புறம் 18, முதுகுப்புறம் 18, மிச்சம் 1. தோல் என்பது வெறும் மூடுதுணி இல்லை. உடம்பின் நீரை உள்ளே நிறுத்திவைக்கும் உறுப்பு அது. அறுபது பங்கு வெந்தால் நுண்ணிய ரத்தக்குழாய்கள் எல்லாம் கசிந்து, ரத்தத்திலுள்ள நீர் வெளியேறிவிடும். அதனால்தான் முதல் நாளிலேயே பத்துப் பன்னிரண்டு லிட்டர் வரை ஏற்றுகிறார்கள். தோல் என்ற சொல் அவளுக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். இரண்டு பேரும் நினைத்த தோல் மாத்திரம் வேறு வேறு.

நீர் ஏற்றுவதற்கு நர்ஸ் இடம் தேடினாள். "நரம்பு ஆப்புடலையே" என்று முணுமுணுத்தாள். கொஞ்ச நேரத்தில் தாய் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து வந்தாள். "வலியே இல்லைங்கான் அண்ணாச்சி" என்றாள். எனக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்ததனால் வயிற்றைக் கலக்கியது. வாயைத் திறக்கவில்லை. டாக்டர் வந்து, "ஆழமாக வெந்திருக்கிறதம்மா. நரம்பு செத்துவிட்டது, அதனால்தான் வலி தெரியவில்லை" என்று பொறுமையாகத்தான் சொன்னார். அவள் கேட்டாள்: "நரம்பு கெடைச்சு இப்பத்தான ஊசி போட்டாக, அது எப்படிங்கய்யா செத்துப்போகும்?"

டாக்டரிடம் பதில் இல்லை. இருக்கவும் முடியாது. நர்ஸ் சொன்ன நரம்பு ரத்தக்குழாய். டாக்டர் சொன்ன நரம்பு, வலியை மூளைக்குக் கொண்டுபோகிற இழை. சுளுக்கு எடுக்கிறவர் நரம்பு பிசகிவிட்டது என்று சொன்னால் அது தசைநார். மூன்று பொருளுக்கு ஒரு சொல். வலியில்லாததை நல்ல சகுனமென்று நினைத்து அந்தத் தாய் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தாள். நான்காம் நாள் பையன் இறந்துவிட்டான். முன்னமே புரிந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று நான் சொல்லவில்லை. அவனோடு பேச வேண்டியதை அவள் பேசியிருப்பாள் என்றுதான் சொல்லுகிறேன்.

இதைத் தமிழின் வறுமை என்று யாரும் சொல்ல வேண்டாம். கிரேக்கரிடத்திலும் இதே கதைதான். நியூரோன் என்ற அவர்கள் சொல்லுக்குத் தசைநார், வில்லின் நாண் என்றெல்லாம் பொருள் இருந்தது. நம் நரம்பும் யாழில் கட்டியிருந்ததுதானே! கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹெரோபிலஸ், எராசிஸ்திராத்தஸ் என்ற இரண்டு வைத்தியர்கள் உடலை அறுத்துப் பார்த்து, உணர்ச்சியைக் கொண்டுபோகும் இழை வேறு, கட்டி இழுக்கும் நார் வேறு என்று பிரித்தார்கள். பிறகுதான் சொல்லும் பிரிந்தது. நம் புஸ்தகத்திலும் பிரிந்துதான் இருக்கிறது: நரம்பு, தசைநார், ரத்தக்குழாய் என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒப்பிப்பான். அந்தப் பிரிவு வகுப்பறையைத் தாண்டி வார்டுக்கு வந்து சேரவில்லை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு கிரீனிடம் திரும்பினால் தீர்ப்பு சுலபமாகிறது. அங்காதிபாதமும் சுகரணமும் நிலைக்கவில்லை. நிலைக்காததில் எனக்கு வருத்தமும் இல்லை. நாவுக்கு அவை பாரம். ஆனால் ஒரே பாஷையில் பாடம் சொல்லி, அதே பாஷை பேசும் நோயாளியிடம் சீஷனை அனுப்பிய ஏற்பாடு இருக்கிறதே, அதுதான் அவர் செய்த பெரிய காரியம். சொல் காலையில் வகுப்பில் பிறந்து மாலையில் கட்டிலோரத்தில் பரீட்சைக்குப் போக வழி இருந்தது. அவருக்குப் பின் அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. நாம் அவருடைய சொற்களைத் திருத்திக்கொண்டோம், பரீட்சையை விட்டுவிட்டோம்.

விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அங்கே பிள்ளைகள் இங்கிலீஷிலே அங்காதிபாதம் படிக்கிறார்கள். படிக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. பெரிய புஸ்தகங்களெல்லாம் தமிழாகும் வரையில் காத்திருக்கவும் வேண்டாம். தீக்காய வார்டுக்கு நூறு சொல் போதும். ஊசி போடும்போது ரத்தக்குழாய் என்று சொல்லுவோம், நரம்பை உணர்ச்சிக்கு மாத்திரம் வைத்துக்கொள்ளுவோம். அறுபது சதவீதம் என்று எழுதுகிறவர், உடம்பின் படம் ஒன்றைப் போட்டு வெந்த இடத்தைத் தீட்டிக் காட்டட்டும். நாடெங்கும் காலண்டர் அச்சடித்து அனுப்புகிற சிவகாசியில் அந்தப் படத்தை அச்சடிப்பது ஒரு பகல் வேலை.