சேர்த்துப் பிரிக்கும் நேர்த்தி

ஈ.கோலை பாக்டீரியாவின் குரோமோசோம் ஒரு மூடிய வளையம். அதில் சுமார் 46 லட்சம் கார இணைகள் உண்டு. நீட்டிவைத்தால் ஒன்றரை மில்லிமீட்டர் வரும். அது அடங்கிக் கிடக்கும் செல்லோ இரண்டு மைக்ரோமீட்டர்தான். இரு இழைகளும் ஒன்றையொன்று நான்கு லட்சம் முறைக்கு மேல் சுற்றியிருப்பதால், நகலெடுப்பு முடிகிறபோது தாய் வளையத்தில் பிறந்த இரண்டும் சங்கிலிக் கண்ணிகளாகக் கோத்துக்கொள்ளும். வழக்கமாக இந்தச் சிக்கை எடுப்பது டோப்போஐசோமரேஸ் 4 என்ற நொதி. ஒரு வளையத்தை வெட்டி, அந்த இடைவெளி வழியே மற்றதைக் கடத்தி, திரும்ப ஒட்டிவிடும். திறமையான வேலைதான். ஆனாலும் என் மனம் லயிப்பது இன்னொரு வழியில்.

நகலெடுப்பு முடியும் பகுதியில் ‘டிஃப்’ என்றோர் இடம் இருக்கிறது. அவ்வளவு பெரிய வளையத்தில் வெறும் 28 கார இணைகள்! ஒரு புறம் ஸெர்-சி, மறுபுறம் ஸெர்-டி என்று இரு புரதங்கள் ஆளுக்கு 11 இணைகளைப் பற்றி அமர, நடுவே ஆறு மிஞ்சும். இரண்டு டிஃப்கள் எதிரெதிரே வந்தால் நான்கு புரதங்களும் கூடி இழைகளை மாற்றிக் கட்டும். அறுந்த முனை எங்கும் அலைவதில்லை. புரதத்தின் டைரோசின் அதைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. அறுந்த பிணைப்பின் ஆற்றல் அங்கேயே தங்குவதால், மறுபடி ஒட்ட ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு தேவையில்லை.

எப்போது வெட்டுவது என்பதில்தான் எத்தனை நிதானம்! ஸெர்-சி தானாகவே ஒரு ஜோடி இழைகளை மாற்றிப் பார்க்கும். ஆனால் காரியம் முற்றுப்பெறாமல் பழைய நிலைக்கே மீளும். ஸெர்-டி முதலில் வெட்டினால்தான் வேலை முடியும். அதற்கு எஃப்டிஎஸ்-கே என்ற புரதம் வந்து தொட வேண்டும். அது இருப்பதோ செல்லின் நடுவில், பிரிசுவர் எழும் இடத்தில், சவ்வில் ஊன்றியபடி. அதன் ஆறு மூலக்கூறுகள் வளையமாகக் கூடி, நொடிக்கு ஏறக்குறைய 5,000 கார இணைகள் வேகத்தில் டி.என்.ஏ.வை இழுக்கின்றன. டிஃப் எந்தப் பக்கம் என்று காட்டும் எட்டெழுத்துக் குறிகள் குரோமோசோம் நெடுகிலும் பதிந்திருக்கின்றன.

டோப்போஐசோமரேஸ் 4 செயலிழந்த செல்களிலும், எஃப்டிஎஸ்-கேயின் செயலைக் கூட்டினால் இந்த அமைப்பே வளையங்களைப் பிரித்துவிடுகிறது என்று 2007இல் தெரியவந்தது. பிரிக்கும் விதம்தான் அழகு. ஆறு குறுக்கீடுகளோடு, அதாவது ஒன்றன்மேல் ஒன்று கடக்கும் ஆறு இடங்களோடு, பின்னிய இரு வளையங்களை முதல் மாற்றம் ஒன்றாகவே சேர்த்துவிடுகிறது: ஐந்து குறுக்கீடுகள் கொண்ட ஒற்றை முடிச்சு. அடுத்த மாற்றத்தில் மீண்டும் இரண்டு வளையங்கள், நான்கு குறுக்கீடுகள். பிறகு மூன்றோடு ஒரு முடிச்சு, இரண்டோடு ஒரு பிணைப்பு, முடிச்சே இல்லாத ஒற்றை வளையம், கடைசியில் தனித்தனியே இரண்டு. ஒவ்வோர் அடியிலும் குறுக்கீடு குறைந்தே தீரவேண்டும் என்று நிபந்தனை வைத்தால் இதைத் தவிர வேறு பாதை கிடையாது என்பதை மரியல் வாஸ்கெஸ், டேவிட் ஷெராட் உள்ளிட்டோர் 2013இல் முடிச்சுக் கணிதத்தால் நிறுவினார்கள்.

அந்தக் கடைசிக்கு முந்தைய நிலையைச் சற்று நின்று பாருங்கள்: இரண்டு டிஃப்கள் கொண்ட, முடிச்சில்லாத ஒரே பெருவளையம். நகல்களுக்கிடையே ஒற்றைப்படை எண்ணிக்கையில் பரிமாற்றம் நேர்ந்தால் உருவாகும் இரட்டைக் குரோமோசோமும் அச்சு அசலாக இதே வடிவம்தான். தலைமுறைதோறும் ஏறக்குறைய 15 விழுக்காடு ஈ.கோலை செல்களில் அது உண்டாகிறது. அதைப் பிரித்துவிடுவதே ஸெர் புரதங்களின் அன்றாட வேலை.