கழுவினால் அழியும் கோடு

லொங்குய்யில் பனிக்காலப் பகலில் யன்னல் கண்ணாடிதான் என் வரைமேசை. பூ வரைந்த தாளைக் கண்ணாடியில் ஒட்டி, மேலே துணியைப் பிடித்து, ஊடுதெரியும் கோட்டைக் கழுவினால் அழியும் பென்சிலால் எடுப்பேன். கறுப்புத் துணியென்றால் ஒளி ஊடாது. தாளில் கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டு, வெண்கட்டித் தூளைத் தட்டுவேன். பிறகுதான் போர்வைத் தையல்.

ஜசிமுத்தீனின் ‘நக்ஷி காந்தார் மாட்’ (1929) என்ற வங்க நெடுங்கவிதையை, மில்ஃபோர்ட் அம்மையாரின் 1939ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் அண்மையில் மீண்டும் வாசித்தேன். கணவனைப் பிரிந்த சாஜு, தங்கள் வாழ்வையே ஒரு போர்வையில் தைக்கிறாள். தன்னைப் புதைத்த இடத்தில் அதை விரிக்கும்படி தாயிடம் கேட்கிறாள். முன்பு அவளது காதலுக்காக அழுதேன். இம்முறை அவள் கையைக் கவனித்தேன். பிரதியெடுக்க அவளிடம் தாள் இல்லை, நினைவிலிருந்தே தைக்கிறாள்.

ஆனால் கவிஞரிடம் தாள் இருந்தது. நாட்டார் பாடல்களைச் சேகரித்தவர் அவர். கதைப்பாடலின் அச்சை அங்கிருந்தே எடுத்தார். அது குறையல்ல. அதன்மேல் சாஜுவின் துயரைத் தானே தைத்தார்.

புலம்பெயர்ந்த நாங்களும் பனை, கிணற்றடி, முற்றம் என்று ஊரின் கோடுகளைப் பிரதியெடுக்கிறோம். என் கதைகள் பலவும் அந்தக் கோட்டோடு நின்றவைதான். கழுவிப் பார்த்தால் வெறுந்துணி.